இல்லாத மகளுக்கு ஒரு டஜன் வளையல்

கடைக்குப் போய், சாமான் வாங்க வந்தவள் மாதிரி நின்று, அங்கே வேலை செய்கிறவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்து எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு வருடம் நான் செய்த வேலை இதுதான். ‘மிஸ்டரி ஷாப்பர்’ என்று அதற்குப் பெயர். என் வீட்டுக்காரர் ‘சிஐடி உத்தியோகம்’ என்று கேலி செய்வார். இந்த வேலையைச் செய்கிறேன் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது முதல் விதி. இப்போது அந்த வேலை என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருப்போரூரில், ஊரை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மனை பிரித்து விற்ற இடத்தில் இருக்கிறது. மனை வாங்கியவர்கள் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லை நட்டுவிட்டுப் போனவர்கள்தான், வீடு கட்ட வரவில்லை. என் வீட்டுக்காரர் சரக்கு லாரி ஓட்டுகிறார். மாதத்தில் நான்கு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சில நாட்களில் காலையில் கடையில் “ஒரு பால் பாக்கெட்” என்று சொன்னதுதான் அன்றைக்கு நான் பேசிய மொத்தப் பேச்சாக இருக்கும். சாயங்காலம் முருகன் படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வாய்விட்டுப் பாடினால், என் குரல் எனக்கே யாரோ பாடுகிற மாதிரி கேட்கும்.

அப்படிப்பட்ட காலத்தில்தான் போனில் அந்த விளம்பரம் வந்தது. விண்ணப்பத்தில் ‘கல்வித் தகுதி’ என்று ஒரு கட்டம். நான் பத்தாவது. அதுவும் கணக்கில் இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். கட்டத்தை நிரப்பாமல் இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு முருகன் மேல் பாரத்தைப் போட்டு உண்மையையே எழுதி அனுப்பினேன்.

சென்னையிலிருந்து ஒரு பெண் பேசினாள். எங்களுக்கெல்லாம் வேலை பிரித்துக் கொடுக்கிற மேற்பார்வைக்காரி அவள்தான். குரலைக் கேட்டால் கல்லூரி முடித்த வயதுதான் இருக்கும்.

“டிகிரி எல்லாம் வேணாம் மேடம். தமிழ் எழுதப் படிக்கத் தெரியணும், போன்ல போட்டோ எடுக்கத் தெரியணும். ஞாபகம் இருக்கணும். அப்புறம், பார்த்ததைப் பார்த்த மாதிரியே எழுதணும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.”

ஒரு பரீட்சையும் வைத்தாள். போனில் இரண்டு நிமிடப் படம் ஒன்று வந்தது. பெட்ரோல் பங்கில் ஒருவர் வண்டிக்குப் பெட்ரோல் போடுகிறார். ஒரு தடவைதான் பார்க்கலாம். பிறகு கேள்விகள். பெட்ரோல் போட்டவர் தொப்பி வைத்திருந்தாரா? மீட்டரில் பூஜ்யம் காட்டினாரா? பின்னால் எத்தனை வண்டி நின்றது? ஒரு கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டேன். சின்ன வயதிலிருந்து துதிப்பாட்டுகளை மனப்பாடம் பண்ணி வளர்ந்தவள். மனதில் ஏற்றி வைத்துக்கொள்வது எனக்குப் பழக்கம்.

“சூப்பர் மேடம்! இன்னொரு விஷயம், நீங்க அனுப்பின போட்டோவைப் பார்த்தேன், உங்களை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. அது இந்த வேலைக்குப் பெரிய பிளஸ்” என்றாள்.

அவள் அதைப் பாராட்டாகத்தான் சொன்னாள்.

கடைக்குள் நின்றுகொண்டு காகிதத்தில் குறிப்பெழுத முடியாது. போனையே பார்த்துக்கொண்டிருந்தாலும் சந்தேகம் வரும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். சரவணபவ என்ற ஆறெழுத்தை விரல் கணுக்களில் எண்ணி ஜெபிப்பவள் நான். அந்த ஆறெழுத்துக்கும் ஒவ்வொரு விஷயமாக மாட்டிவைத்தேன். ‘ச’ என்றால் உள்ளே நுழைந்த நேரம். ‘ர’ என்றால் வணக்கம் சொன்னார்களா என்பது. ‘வ’ சட்டையில் குத்தியிருக்கிற பெயர். ‘ண’ கேட்டதை எடுத்துக் காட்ட எத்தனை நிமிடம் என்பது. ‘ப’ வேறு சாமானும் காட்டினார்களா என்பது. கடைசி ‘வ’ பில் போடும்போது ‘மறுபடியும் வாங்க’ என்றார்களா என்பது. முந்தானைக்குள் கட்டைவிரல் நகர்ந்துகொண்டே இருக்கும். பார்க்கிறவர்களுக்கு யாரோ பக்தியுள்ள அம்மா ஜெபம் பண்ணுகிற மாதிரி தெரியும். சாமி பெயரை இதற்குப் பயன்படுத்தலாமா என்று முதல் சில நாட்கள் உறுத்தியது. உழைத்துச் சாப்பிடத்தானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

முதல் வேலை மாமல்லபுரத்தில் ஒரு சைவ ஓட்டலில். சாப்பாடு, பரிமாறிய பையன், கைகழுவும் இடம், எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கடற்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து ஆசையாக எழுதி அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது.

“மேடம், ‘தங்கமான பிள்ளை, முகத்துல நல்ல களை’ன்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமாம்மா, உண்மைதானே?”

“களை எல்லாம் ரிப்போர்ட்ல வராது மேடம். அவர் சிரிச்சாரா இல்லையா? எத்தனாவது நிமிஷம் தண்ணி வெச்சார்? அதை எழுதுங்க.”

அவள் சொல்லச் சொல்லத்தான் கற்றுக்கொண்டேன். ‘நல்லவர்’ என்று எழுதக் கூடாது. ‘சிரித்தார்’ என்று எழுதலாம். ‘அவசரப்படுத்தினார்’ என்று எழுதக் கூடாது; ‘சாப்பிட்டு முடிக்கும் முன் பில்லை வைத்தார்’ என்று எழுதலாம். என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை என்பது முதலில் ஒரு மாதிரியாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

மாதத்தில் ஏழெட்டு இடம் வரும். கோவளத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட், ஈசிஆர் சாலையில் பெட்ரோல் பங்கு, செங்கல்பட்டில் செருப்புக்கடை. ஒவ்வொரு இடத்திலும் யாராவது ஒருவர் என் முகத்தைப் பார்த்து “வாங்கம்மா” என்பார்கள். அது அவர்கள் வேலை, அதற்கு நான் மதிப்பெண் போடுகிறேன் என்று தெரிந்தாலும், பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ‘வாங்கம்மா’வை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டே வருவேன். படிவத்தில் ‘உடன் வந்தவர்கள்’ என்று ஒரு கட்டம் உண்டு. கணவர், குழந்தைகள், நண்பர்கள், தனியாக. இரண்டு வருடமும் அந்த நாலாவது கட்டத்தைத்தான் தொட்டேன்.

நடிப்பும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கதை எழுதி அனுப்புவார்கள். வீட்டுக்காரருக்குச் செருப்பு வேண்டும், ஊரிலிருந்து விருந்தாளி வருகிறார்கள், இப்படி. இந்தச் சின்னப் பொய்களுக்கெல்லாம் சேர்த்து வாரா வாரம் செவ்வாய்க்கிழமை கோயிலில் கன்னத்தில் போட்டுக்கொள்வேன். ஐப்பசி மாதத்தில் செங்கல்பட்டு ஜவுளிக்கடை ஒன்றுக்குக் கதை வந்தது. நாலு மாடிக் கடை. கீழ்த்தளத்தில் வளையல், பொட்டு, பூ எல்லாம் விற்கிற பகுதி. ‘உங்கள் மகளுக்கு வளைகாப்பு. ஒரு டஜன் கண்ணாடி வளையல் வாங்க வேண்டும்.’

படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

போன வருடம் என் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. கூடம் முழுக்கப் பெண்கள். ஒவ்வொருவராகப் போய்ச் சந்தனம் பூசி, வளையல் போட்டுவிட்டு வந்தார்கள். என் முறை வருகிற நேரத்தில் நாத்தனார் என் தோளைத் தொட்டு, “அண்ணி, நீ உள்ள போயி கலந்த சாதத்த பாரு, புளிசாதம் அடி புடிக்கப் போவுது” என்றாள். அடி பிடிக்கிற சாதம் எதுவும் அடுப்பில் இல்லை, எல்லாம் பந்திக்குப் போய்விட்டது. பிள்ளை பெறாதவளை வளையல் போடக் கூப்பிடுகிற வழக்கம் எங்களில் இல்லை. அவள் மேல் எனக்குக் கோபமில்லை. காலியான அண்டாக்களுக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

மேற்பார்வைக்காரியிடம் கதையை மாற்றித் தரமுடியுமா என்று கேட்டேன். “உங்க வயசுக்குக் கரெக்டா பொருந்துதேன்னுதான் மேடம் கொடுத்தேன்” என்றாள். சரி என்றேன்.

வளையல் பகுதியில் நாற்பது வயதிருக்கும் ஒரு பெண் நின்றிருந்தாள். கடைச் சீருடைப் புடவை, கழுத்தில் மஞ்சள் கயிறு, நெற்றியில் திருநீறு. ‘வணக்கம் மேடம், என்ன பார்க்கிறீர்கள்?’ என்று சொல்வதுதான் அந்தக் கடையின் விதி. அவள் அதைச் சொல்லவில்லை.

“வாக்கா, வாக்கா. கண்ணாடி வளையலா? வளைகாப்பா?”

“ஆமாம்மா. பொண்ணுக்கு.”

“எத்தினியாவது மாசம்?”

“ஏழு.”

“அட! எம் பொண்ணுக்கும் ஏழுதான்கா!” கையிலிருந்த வளையல் பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள். “கருங்குழியில மாமியார் வூட்டுல கீது. கால் ரெண்டும் வீங்கினு, போன் போட்டா அழுவுது. மொத தபா ஒண்ணு தங்கல. அதான் எனக்கு வயித்துல நெருப்பு. உன் பொண்ணு எப்டி கீது? சோறு எறங்குதா?”

கதையில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. “எறங்குது” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “புளிப்புதான் கேக்குது. காலைல எழுந்ததும் மாங்கா வேணுங்குது” என்றேன். “ஒருக்களிச்சுதான் படுக்குறா. முதுகு வலிக்குதுன்னு நான்தான் நீவி விடறேன்.” எங்கிருந்து அவ்வளவும் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. அவள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். “வெந்நி போட்டு நீவுக்கா. வெறுங்கையில நீவாத” என்றாள். இரண்டு அம்மாக்கள் பேசிக்கொள்கிற மாதிரியே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அந்த நேரத்தில் ஒரு மகள் இருந்தாள்.

“எந்த ஊருக்கா?”

இங்கேதான் தவறு செய்தேன். வேறு ஏதாவது ஊரைச் சொல்ல வேண்டும் என்பது விதி. கூடுவாஞ்சேரி என்று சொல்லத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவள் நெற்றியில் திருநீற்றைப் பார்த்துக்கொண்டே முருகன் ஊரை மறைக்க நாக்கு எழவில்லை. பொய்யான மகளைச் சொன்ன அதே வாயால் “திருப்போரூர்” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

“கந்தசாமி கோயிலா! நான் மாசா மாசம் கிருத்திகைக்கு அங்க வர்றவதான்கா. டூட்டி முடிச்சிட்டு சாய்ந்தரமா வருவேன். பொண்ணு நல்லபடியா பெத்துப் பொழைக்கணும்னு வெளக்கு ஏத்தறேன். இனிமே ரெண்டா ஏத்திடறேன். ஒண்ணு எம் பொண்ணுக்கு, ஒண்ணு உன் பொண்ணுக்கு.”

“ஐயோ, வேணாம்மா. உனக்கு எதுக்கு சிரமம்?”

“வெளக்கு ஏத்தறதுல இன்னாக்கா சிரமம்? எண்ணெ நான் தூக்கியா வரப் போறேன், அங்கயே விக்கிறான்.” சிரித்துக்கொண்டே வளையலை எண்ணிச் சுற்றிக் கொடுத்தாள்.

என் கட்டைவிரல் அந்த நேரமெல்லாம் கணுக்களில் நகர்ந்துகொண்டுதான் இருந்தது. கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தையும் பார்த்திருந்தேன்.

பஸ் நிலையத்தில் உட்கார்ந்து படிவத்தை நிரப்பினேன். பதினான்காவது கேள்வி: ‘ஊழியர் வாடிக்கையாளரிடம் சொந்த விஷயங்கள் பேசினாரா? எவ்வளவு நேரம்?’ பல மாதங்களில் ஒரு மனுஷி என்னிடம் அப்படிப் பேசியது அன்றைக்குத்தான். அதற்கென்று படிவத்தில் கட்டம் இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி எழுத வேண்டும். ‘ஆம். மூன்று நிமிடம்’ என்று எழுதினேன். எழுதியதை அனுப்பியும்விட்டேன்.

அதன் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. கார்த்திகை மாதத்துக் கிருத்திகைக்கு விடிந்ததும் கோயிலுக்குப் போய்விட்டு, சாயங்காலம் வீட்டை விட்டு வெளியே வராமல் இருந்தேன். இந்நேரம் அவள் வந்திருப்பாள், இரண்டாவது அகலைத் துடைத்துத் திரி போட்டுக்கொண்டிருப்பாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சாமி அந்த விளக்கைப் பார்த்து, யாருக்கு இது என்று தேடிப் பார்த்தால் அங்கே யாருமே இல்லை. மார்கழியிலும் தையிலும் அப்படியே காலையில் போய் வந்தேன். எங்கள் ஊர்க் கோயிலுக்கே திருடி மாதிரி ஒளிந்து போனேன்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். விஜயவாடா பக்கம் எங்கேயோ வண்டியை நிறுத்திச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏ சிஐடி, வேஷம் கட்டினா வசனம் பேசித்தான் ஆவணும். இதுக்குப் போயி அழுவுறியா?”

“சாமிகிட்ட வெளக்கு ஏத்துதுங்க அந்தப் பொண்ணு.”

மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு, “அப்ப சொல்லிடு” என்றார்.

சொல்லலாமா என்று மேற்பார்வைக்காரியிடம் சுற்றிவளைத்துக் கேட்டேன். “அய்யோ மேடம், வெளியில சொல்லிட்டீங்கன்னா லிஸ்ட்ல இருந்து உங்க பேரை எடுத்துடுவாங்க. நான் கூட ஒண்ணும் பண்ண முடியாது” என்றாள். லிஸ்டிலிருந்து போய்விட்டால் மறுபடியும் பால் பாக்கெட்டும் மஞ்சள் கல்லும்தான் எனக்கு. போனை வைத்துவிட்டு, சொல்வதில்லை என்று முடிவு செய்தேன். சுயநலம்தான். அவள் மகளுக்குப் பிரசவம் ஆகிவிட்டால் விளக்கும் நின்றுவிடும், எல்லாம் தானாக முடிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

மாசிக் கிருத்திகை அன்றைக்கு மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டல் வேலை. காலை பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். அதனால் காலையில் கோயிலுக்குப் போக முடியவில்லை. கிருத்திகைக்கு முருகனைப் பார்க்காமல் நான் சாப்பிட்டதே இல்லை, ஆனால் அன்றைக்கு ஓட்டலில் சாப்பிட்டேன், சாப்பிட வேண்டியதுதான் வேலை. மதியம் திரும்பி, தலைக்குக் குளித்துவிட்டு, சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். நல்ல கூட்டம். குனிந்த தலை நிமிராமல் வரிசையில் நின்றேன்.

“அக்கா!”

முதுகில் ஒரு கை விழுந்தது. சீருடை இல்லாமல் சாதாரணப் பூப்போட்ட புடவையில் இருந்தாள். தட்டில் தேங்காய், பழம், இரண்டு அகல்.

“மூணு மாசமா தேடறேன்கா உன்ன! எம் பொண்ணுக்கு பொண்ணு பொறந்துச்சு. சொகப் பிரசவம். தாயும் புள்ளயும் நல்லா கீதுங்க. உனக்கு இன்னா பேரன், பேத்தி?”

வாயைத் திறந்தேன். அதற்குள் வரிசை நகர்ந்து இருவரும் சந்நிதிக்கு முன்னால் வந்துவிட்டோம். எனக்கு வெட்கம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். என்னைத் தள்ளி முன்னால் விட்டு, தட்டைக் குருக்களிடம் நீட்டினாள். “சாமி, மொதல்ல இந்தக்கா பொண்ணு பேர்ல பண்ணுங்க. அப்பால எம் பொண்ணுக்கு.”

குருக்கள் என்னைப் பார்த்தார். “பேர், நட்சத்திரம் சொல்லும்மா.”

கடையில் என்ன பெயர் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். வயது, மாதம், மாங்காய் எல்லாம் சொன்னவள்தானே. இங்கே அந்தப் பெயரைக் குருக்கள் வாங்கி, உள்ளே நிற்கிறவன் காதில் போடப்போகிறார். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அது அர்ச்சனையாகிவிடும். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

“சொல்லும்மா, கூட்டம் நிக்கறது.”

என் பெயரையும், என்னுடைய பூச நட்சத்திரத்தையும் சொன்னேன்.

“உன் பேர் எதுக்குக்கா, பொண்ணு பேரச் சொல்லு” என்றாள் அவள்.

“பொண்ணு இல்லம்மா” என்றேன்.

அவள் முகம் மாறியது. நான் சொன்னதை வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். “ஐயோ முருகா, இன்னாக்கா ஆச்சி?” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியைத் தாங்க முடியாமல்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கொடிமரத்தைத் தாண்டி, கூட்டமில்லாத பக்கமாக அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். செத்துப்போகவில்லை, பிறக்கவே இல்லை. எனக்குப் பிள்ளையே கிடையாது. அந்தக் கதையைச் சொல்லி வளையல் வாங்கச் சொல்லி என்னை அனுப்பினார்கள். அதுதான் என் வேலை.

என் கையை விட்டாள்.

“வேவு பாக்கற வேலயா?”

“ஆமாம்மா.”

“அன்னிக்கு... என்ன மாடிக்குக் கூப்ட்டு, புதுசா சேந்த பொண்ணுங்க முன்னால நிக்க வெச்சிப் படிச்சாங்க. வாடிக்கையாளர் கிட்ட வூட்டுக் கத பேசினு இருந்தாளாம்னு. கேமராதான் காட்டிக் குடுத்துச்சின்னு இத்தினி நாளா அதுக்கு நேரா நின்னு திட்டினு இருக்கேன் நானு. நீதானா?”

“நான்தாம்மா.”

“மூணு நிமிஷம்னு போட்டிருந்துச்சே. கடியாரம் பாத்தியா?”

“பாத்தேன்.”

அவள் கத்தியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். தட்டில் இருந்த இரண்டு அகலில் ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். “இது உன்னுது. நீயே ஏத்து. யாருக்கு ஏத்தறேன்னு நீயே அவன்கிட்ட சொல்லிக்கோ” என்று சொல்லிவிட்டு, திரும்பி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றாள்.

விளக்கு மேடையில் அந்த அகலை வைத்தேன். யாருக்கென்று சொல்ல எனக்கு எதுவும் வரவில்லை. மன்னித்துக்கொள் என்றும் கேட்கவில்லை, அதற்குக்கூட அருகதை வேண்டும் என்று தோன்றியது. ஏற்றிவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து மாமல்லபுரம் ஓட்டலின் படிவத்தை எடுத்தேன். இட்லி வந்த நேரம், மேசை துடைத்த துணியின் நிறம், எல்லாம் ஒழுங்காக நிரப்பினேன். கடைசியில் எப்போதும் வருகிற கேள்வி: ‘இந்த வேலை குறித்து வெளியில் யாரிடமாவது தெரிவித்தீர்களா?’ இரண்டு வருடமாக யோசிக்காமல் ‘இல்லை’யைத் தொட்டுக்கொண்டிருந்த விரல் அது. ‘ஆம்’ என்பதைத் தொட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவளைப் பற்றி அப்படி எழுதியவள், என்னைப் பற்றி மட்டும் மாற்றி எழுத முடியாது.

மறுநாள் மேற்பார்வைக்காரி கூப்பிட்டாள். “ஏன் மேடம், ‘இல்லை’ன்னு போட்டிருந்தா யாருக்குத் தெரியப் போகுது?” என்றாள். அவள் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. வைப்பதற்கு முன்னால், “உங்க ரிப்போர்ட்தான் மேடம் எனக்குத் திருத்தவே வேண்டியிருக்காது” என்றாள். அதன் பிறகு போன் வரவில்லை.

பங்குனியில் ஒரு நாள், கதை எதுவும் இல்லாமல் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினேன். ஐப்பசியில் வாங்கிய அந்த ஒரு டஜன் வளையலை அவளிடமே கொடுத்துவிடலாம் என்று பையில் வைத்திருந்தேன், அவள் பேத்தி வளர்ந்து போட்டுக்கொள்ளட்டும் என்று. ஏறி இறங்குவதற்குள் அந்த யோசனையே எனக்கு அசிங்கமாகப் பட்டது. பையிலேயே விட்டுவிட்டேன்.

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள். கண் ஒரு நொடி நின்றது.

“வணக்கம் மேடம். என்ன பார்க்கிறீர்கள்?”

வார்த்தை பிசகாமல், படிவத்தில் இருக்கிறபடி.

“வளையல்மா. எனக்குத்தான்.”

“என்ன நிறத்தில் காட்டட்டும் மேடம்?” மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பச்சையைக் காட்டினேன். “அளவு பார்க்க வேண்டும் மேடம். கையைத் தளர்வாக விடுங்கள்.” என் கையைப் பிடித்து, கட்டைவிரலை உள்ளே மடக்கி, கணுக்களை அழுத்தி, வளையலை ஒவ்வொன்றாக ஏற்றினாள். நான் ஜெபம் எண்ணுகிற அதே கணுக்கள். ஒன்றுகூட உடையவில்லை. என் கையைப் பிடித்து யாரும் வளையல் போட்டுவிட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

பேத்தி எப்படி இருக்கிறாள், என்ன பெயர் வைத்தார்கள், மகளுக்குக் கால் வீக்கம் வடிந்ததா. கேட்க வேண்டும் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு அம்மா பொட்டு அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தார். சாதாரண முகம், யாரும் திரும்பிப் பார்க்காத முகம். என் இடத்துக்கு வேறு யாரையாவது போட்டிருப்பார்கள். அது அவராகவும் இருக்கலாம். நான் கேட்டால் இவள் பதில் சொல்லக்கூடும். சொன்னால் மறுபடியும் மாடிக்குப் போய் நிற்க வேண்டிவரும்.

நான் கேட்கவில்லை.

“பொருத்தமான பொட்டும் இருக்கிறது மேடம், காட்டட்டுமா?”

“வேணாம்மா.”

“பில் அந்தப் பக்கம் மேடம். மறுபடியும் வாருங்கள்.”

ஆறெழுத்திலும் ஒரு குறை சொல்ல முடியாது. பில் போட்டு வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். திருப்போரூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்த கையில் வளையல்கள் வண்டி குலுங்கும்போதெல்லாம் சத்தம் போட்டன. பக்கத்து இடத்தில் யாரும் உட்காரவில்லை.